கடையில் இல்லாத சனாஜே: விளாச்சேரி மண்ணில் செய்துகொள்ளும் விதம்

மதுரை பழங்காநத்தத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் ஸ்டேப்ளர் பின் டப்பாக்களுக்கு மேல் தட்டில் அறுபத்து மூன்று டைனோசர் பொம்மைகள் நிற்கின்றன. எண்ணிக்கை தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் வீட்டில் “உங்க அறுபத்து மூவர்” என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் பொம்மை என்று சொல்ல மாட்டார்கள், ஃபிகர் என்பார்கள். நானும் ஒருமுறை டீக்கடையில் “ஃபிகர் சேர்க்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பொம்மை என்றே சொல்கிறேன்.

பொம்மை சேர்க்கிற எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். யாராவது செய்து விற்றால் உடனே வாங்கிவிடலாம் என்று ஏங்கும் பட்டியல். டி-ரெக்ஸ் ஒன்றையே ஜெர்மனிக்காரன் ஒரு விதமாக, பிரான்சுக்காரன் ஒரு விதமாகச் செய்துகொண்டே இருப்பான். நம் மண்ணில் கிடைத்த விலங்குகளைத் தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்பும். நான்கு வருடம் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்தாம் வருடம், டைனோசர் கூட்டில் கிடைத்த சனாஜே என்ற பாம்பை நானே செய்துகொள்ளலாம் என்று, மண்பொம்மை செய்யும் ஊரான விளாச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே கற்றுக்கொண்டதையும், கெடுத்துக் கற்றதையும் எழுதுகிறேன். செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

எதைச் செய்வது என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

இதில்தான் முக்கால்வாசிப் பேர் கவிழ்கிறார்கள். நானும் கவிழ்ந்தேன். தமிழ்நாட்டு ஆள் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது பிரஹத்காயோசாரஸ். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்தது, யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியல் ஆய்வாளர்கள் 1987-ல் பெயர் வைத்தது. கால் எலும்பு ஒன்றே 2 மீட்டர் நீளம் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டவுடன் கை பரபரக்கும். ஆனால் கிடைத்தவை எவை என்று பாருங்கள்: இடுப்பெலும்பு, தொடையெலும்பில் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று. அவ்வளவுதான். முதலில் அதைக் கறி தின்னும் டைனோசர் என்றே வகைப்படுத்தினார்கள். பிறகுதான் நீளக் கழுத்துள்ள இலைதின்னி என்று மாற்றினார்கள். அந்த எலும்புகளும் தோண்டி எடுத்த பின் உதிர்ந்துபோய்விட்டன, இன்று மிஞ்சியிருப்பது படங்கள்தான். இதை வைத்து நீங்கள் செய்தால், அர்ஜென்டினாவில் கிடைத்த ஏதோ ஒன்றைச் செய்து அரியலூர் பெயரை ஒட்டியதாகத்தான் இருக்கும்.

அடுத்து திராவிடோசாரஸ். பெயரே ஆளை இழுக்கும். அதே இருவர் 1979-ல் அறிவித்தது, முதுகில் தட்டுகள் உள்ள ஸ்டெகோசார் வகை என்று. 1996-ல் வந்த ஒரு கட்டுரை, இது டைனோசரே அல்ல, கடலில் நீந்திய பிளீசியோசார் என்றது. கால் வைப்பதா துடுப்பு வைப்பதா என்பதே வழக்கில் இருக்கும் பிராணியை முதல் பொம்மையாக எடுக்க வேண்டாம்.

2024-ல் வாசுகி இண்டிகஸ் வந்தபோது என் மகள் ஏழாம் வகுப்புப் பாடத்தையே விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசினாள். கட்ச் பகுதியில் பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த பாம்பு, 4.7 கோடி ஆண்டு பழையது. நீளம் 11-லிருந்து 15 மீட்டர் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் கிடைத்தது 27 முள்ளெலும்புகள், தலை கிடைக்கவில்லை. பாம்பு பொம்மைக்குத் தலைதானே முகம்?

ஆக, நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு பயங்கரமானது என்பதல்ல, எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பது. எலும்பு தெரிந்த இடத்தில் கை தைரியமாகப் போகும், தெரியாத இடத்தில் கூகுள் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கும். இரண்டாவதாக ஒரு சின்னக் கேள்வியும் உண்டு: உருட்டத் தெரிந்த உருவமா? மெல்லிய கால், நீளக் கொம்பு, விரித்த இறக்கை எல்லாம் முதல் முயற்சிக்கு ஆகாது.

இரண்டுக்கும் சரியாக வந்து உட்கார்ந்தது சனாஜே இண்டிகஸ் என்ற பாம்பு.

ஏன் சனாஜே

குஜராத்தில் தோலி துங்ரி என்ற ஊர்ப் பக்கம் 1980-களில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் தனஞ்செய் மோஹபே ஒரு டைனோசர் கூட்டைக் கண்டெடுத்தார். மூன்று முட்டைகள், பக்கத்தில் சின்னச் சின்ன எலும்புகள். எல்லாமே பொரிந்து வந்த குட்டியின் எலும்புகள் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். 2001-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் வில்சன் அந்தக் கல்லைப் பார்த்தபோது, பாம்பின் முள்ளெலும்புக்கே உரிய கொக்கிப்பூட்டு அதில் தெரிந்தது. குட்டி இருந்தது உண்மை, கூடவே அதைத் தின்ன வந்த பாம்பும் இருந்தது. நசுங்கிய ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டு, சுருளின் மேல் தலையை வைத்தபடி. மழையில் பக்கத்து மேட்டுச் சேறு சரிந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மூடியிருக்க வேண்டும். 6.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டது. 2010-ல் பெயர் வைத்தார்கள். சமஸ்கிருதத்தில் பழங்காலத்து வாய்ப்பிளப்பு என்கிற பொருளில்.

இதில் பொம்மைக்காரனுக்கு என்ன வசதி என்றால், எந்த நிலையில் வைப்பது என்று நாம் யோசிக்கவே வேண்டாம், பாம்பே உட்கார்ந்து காட்டியிருக்கிறது. மண்டையோட்டின் பகுதிகளும் கிடைத்திருக்கின்றன. செய்ய வேண்டிய உருவங்கள் மூன்றே: ஒரு கயிறு, மூன்று உருண்டை, ஒரு குட்டி. கட்டுரை வெளியான பிளாஸ் பயாலஜி இதழை இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம், படங்களையும் இறக்கிக்கொள்ளலாம்.

அளவு: இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது

பாம்பு 3.5 மீட்டர். முட்டை ஏறத்தாழ 16 செ.மீ. விட்டம், பந்து மாதிரி உருண்டை. குட்டி அரை மீட்டர். இதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் பாம்பு 35 செ.மீ., முட்டை 1.6 செ.மீ., குட்டி 5 செ.மீ. சுருண்டுவிட்டால் மொத்தமும் ஒரு டீ சாஸருக்குள் அடங்கும். 1.6 செ.மீ. என்பது நாம் ஆடிய கோலிக்குண்டின் அளவு. கணக்குப் போட்டுக் கோலி வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது, கடைக்கு வந்த பையனுக்கு இரண்டு பக்கம் இலவசமாக ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அவசரப்படாதீர்கள். களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. அதனால் முதலில் ஒரு பட்டை செய்யுங்கள், பென்சில் பெட்டி அளவுக்கு. ஈரமாக இருக்கும்போதே ஸ்கேல் வைத்து 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கீறுங்கள். காய வைத்து, சுட்டு, மறுபடி அளந்து பாருங்கள். என் மண்ணில் 10 செ.மீ. என்பது 9.2 ஆகியிருந்தது. அதாவது நான் ஈரத்தில் 9 சதவீதம் பெரிதாகச் செய்தால்தான் கடைசியில் சரியான அளவு வரும். பாம்பு 38 செ.மீ., முட்டை 1.75 செ.மீ., குட்டி 5.4 செ.மீ.

இனி ஜெராக்ஸ். கட்டுரையின் படத்தை அச்செடுத்து அதில் முட்டையை அளங்கள். 24 மில்லிமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். நமக்கு வேண்டியது 17.5. பதினேழரையை இருபத்துநாலால் வகுத்து நூறால் பெருக்கினால் 73. கடைக்காரரிடம் “73 பெர்சன்ட் ஜூம் போடுங்க” என்று சொல்லுங்கள். ஏ3-ஐ ஏ4 ஆக்கும் 71-ஐ அவர் பழக்கத்தில் அமுக்கிவிடுவார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்த தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு மேஜையில் ஒட்டிவிட்டால், அதன் மேலேயே மண்ணை வைத்து அளவு பார்த்துக்கொண்டே செய்யலாம். ஈரக் கை பட்டாலும் தாள் நனையாது.

மண்

பெரியார் நிலையத்தில் விளாச்சேரி பஸ் பிடித்தால் திருப்பரங்குன்றம் பக்கம் அரை மணி, முக்கால் மணிப் பயணம். தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மையும் விநாயகரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிற ஊர். தெருவில் நடந்தாலே திண்ணைகளில் தலையில்லாத உடம்புகளும் உடம்பில்லாத தலைகளும் காய்ந்துகொண்டிருக்கும். போவதானால் வைகாசி, ஆனியில் போங்கள். ஆவணியில் விநாயகர் சதுர்த்தி வேலை, புரட்டாசியில் கொலு வேலை. அப்போது போய் “ஒரு பாம்பு சுட்டுத் தர்றீங்களா” என்று கேட்டால் பதில் சொல்லக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது.

கண்மாயில் நாமே மண் எடுக்கலாமே என்று போகாதீர்கள். அதற்கு அனுமதி வேண்டும், அனுமதி இருந்தாலும் அந்த மண்ணில் கல், வேர், சிப்பி எல்லாம் இருக்கும். சலித்து, ஊறவைத்து, மணல் கலந்து, மிதித்துப் பதமாக்கிய மண்ணை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு கால்பந்து அளவு உருண்டை போதும், மூன்று முறை கெடுத்தாலும் மீதம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை விரல் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, சாக்கில் கொட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். மீதி மண்ணை ஈரத்துணி சுற்றி வாளியில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

மண் வேண்டாம், சுடுவதெல்லாம் முடியாது என்பவர்கள் எம்-சீலில் செய்யலாம். சின்ன வேலைக்கு அருமையான பொருள். ஆனால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், யோசிக்க விடாது. நான் அதை ஒட்டுப்போட மட்டும் வைத்திருக்கிறேன்.

உருட்டுவது

முதலில் முட்டைகள். மண்ணை உள்ளங்கையில் உருட்டி, கோலியைப் பக்கத்தில் வைத்து, அதைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். சீடை உருட்டத் தெரிந்தவர்களுக்கு இது வேலையே இல்லை. நான் முதல் தடவை புத்திசாலித்தனமாக, கோலியையே உள்ளே வைத்து மேலே மண் பூசிவிட்டேன். மண் சுருங்கும், கண்ணாடி சுருங்காது. மூன்றாம் நாள் காலையில் மூன்று முட்டையும் பொரிந்திருந்தன.

முழு முட்டை இரண்டு போதும். மூன்றாவது நசுங்கிய முட்டை, பாம்பு சுற்றியிருப்பது அதைத்தான். அந்த உருண்டையைக் கட்டை விரலால் மேலே அழுத்திக் குழியாக்கி விடுங்கள். உடைந்த முட்டையோட்டை மண்ணில் செய்ய முயல வேண்டாம். இந்த முட்டைகளின் ஓடு 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நம் அளவில் அது காகிதக் கனம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பாம்பு. பலகையில் ஈரத்துணி விரித்து, அதன் மேல் மண்ணை வைத்து, விரல்களை விரித்த இரண்டு உள்ளங்கைகளாலும் நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். கை முறுக்குக்கு மாவு இழுக்கிற மாதிரி முறுக்கக் கூடாது. முறுக்கினால் உள்ளே இழை விழுந்து காயும்போது அதே இழையில் விரிசல் ஓடும். நடு உடம்பு சுண்டுவிரல் கனம், கழுத்துப் பக்கம் கொஞ்சம் மெலிவு, வால் நுனி பென்சில் முனை மாதிரி. நம் கை தானாக வாலை நீளமாக இழுத்துவிடும். பாம்புக்கு உடம்புதான் நீளம், வால் கொஞ்சம்தான்.

சுருட்டுவதற்கு முன் செதில். வெங்காய மூட்டை வலையை அழுத்தினால் அழகாகச் செதில் விழும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுத்தினேன். பாம்பு அன்னாசிப்பழம் ஆகிவிட்டது. பத்தில் ஒன்று அளவில் செதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். நைலான் டீ வடிகட்டி சரியாக வந்தது, பழையதைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை எடுத்தால் வீட்டில் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.

அடிச் சுருள் முதலில், நசுங்கிய முட்டையைச் சுற்றி. அதன் மேல் அடுத்தது, கொஞ்சம் உள்ளே தள்ளி. சுருள் சுருளைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, மண் கரைசலைத் தடவி, அப்புறம்தான் அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தடவினால் அப்போதைக்கு ஒட்டும், காய்ந்ததும் பிரிந்துவிடும்.

தலையைத் தனியாகச் செய்து கடைசியில் ஒட்டினேன். ஏறத்தாழ ஒரு செ.மீ.தான். முதல் பாம்பைக் காய வைக்கும் முன் விளாச்சேரியில் எனக்கு மண் கொடுத்த அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, ஆதிசேஷனா? ஒரு தலைதான் வச்சிருக்கீங்க?”

“இல்லக்கா, இது சாமிப் பாம்பு இல்ல. டைனோசர் கூட்டுக்குத் திங்க வந்த பாம்பு.”

“அப்ப ஏன் படம் எடுத்திருக்கு?”

பார்த்தால், எனக்கே தெரியாமல் கழுத்தைப் பட்டையாக அழுத்தியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து பார்த்த நாகர் சிலையும் சிவன் கழுத்துப் பாம்பும் கையில் இறங்கியிருக்கின்றன. அக்கா கட்டை விரலை ஈரமாக்கி ஒரே இழுப்பில் அதை உருட்டிவிட்டார். அப்புறம் கேட்டார், “முட்டையத் திங்க வந்துச்சா, குட்டியத் திங்க வந்துச்சா?”

ஆராய்ச்சிக்காரர்கள் கேட்ட கேள்வியும் அதுதான். இன்றைய மலைப்பாம்பு தாடையைக் கழற்றிவிட்ட மாதிரி வாயைத் திறக்கும். சனாஜேயின் தாடை அப்படித் திறக்கக் கூடியதல்ல. அவ்வளவு பெரிய முட்டை முழுதாக அதன் வாய்க்குள் போகாது. முட்டையிலிருந்து வெளியே வருகிற குட்டிதான் குறி. அதனால் வாயைப் பிளந்து பல்லைக் காட்டிப் பயமுறுத்தும்படி செய்துவிடாதீர்கள். வாயை மூடியே வையுங்கள். பல்குத்தும் குச்சியால் ஒரு கோடு, கண்ணுக்கு இரண்டு புள்ளி, போதும். பார்வை குட்டியின் பக்கம் திரும்பியிருந்தால் பயம் தானாக வரும்.

குட்டிக்கு நான்கு கால், கொஞ்சம் நீளக் கழுத்து, வால். வளர்ந்த டைனோசரை அப்படியே சின்னதாக்கிவிடக் கூடாது. தலையும் கண்ணும் உடம்புக்குப் பெரியதாக, முகம் குட்டையாக இருக்கட்டும். கோழிக்குஞ்சுக்கும் கோழிக்கும் உள்ள வித்தியாசம். தோலுக்கு நமக்கு ஒரு சாட்சி இருக்கிறது: நம் குட்டி டைட்டனோசார் என்ற நீளக் கழுத்து இலைதின்னி வகை, அர்ஜென்டினாவின் ஆவுகா மாவேவோவில் இதே வகைக் கருக்கள் தோலோடு கிடைத்தன. பாம்பு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிகிற செதில் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த மணிகள். உப்புத்தாளின் நைசான ரகத்தை லேசாக ஒற்றி எடுத்தால் அந்தத் தோற்றம் வந்துவிடும்.

காய வைப்பதும் சுடுவதும்

மதுரை வெயில் இருக்கும்போது காய்வதற்கு என்ன கஷ்டம் என்று மொட்டை மாடியில் வைத்தேன். மதியத்துக்குள் மேல்தோல் காய்ந்துவிட்டது, உள்ளே ஈரம். வால் தனியாக வந்தது. நிழலில், காற்று அதிகம் அடிக்காத இடத்தில், மேலே பழைய செய்தித்தாள் கூடாரம் போட்டு ஒரு வாரம் விடுங்கள். மெல்லிய வாலும் குட்டியின் காலும் முதலில் காய்ந்துவிடும், அவற்றின் மேல் மட்டும் இரண்டு நாள் ஈரத்துணித் துண்டு போட்டு வையுங்கள். எல்லாம் ஒரே வேகத்தில் காய வேண்டும், அதுதான் சூட்சுமம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அந்த நிலையில் நெருப்புக்குப் போனால் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். இதை நான் சொல்லக் கேட்டு நம்புங்கள், வீட்டு கேஸ் அடுப்பில் தவா வைத்துச் சோதித்தவன் நான். பட்டாசுச் சத்தம் கேட்டு அத்தை பூஜை அறையிலிருந்து ஓடி வந்தார்.

விளாச்சேரிக்காரர்கள் சூளை அடுக்கும்போது உங்கள் தட்டையும் ஒரு பெரிய பொம்மைக்குள்ளோ சட்டிக்குள்ளோ வைக்கச் சொல்லிக் கேளுங்கள், நெருப்பு நேரே படாது. பாம்பையும் முட்டைகளையும் ஒன்றாக, குட்டியைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்கிற காசைப் பேரம் பேசாதீர்கள். சுடாமலே காய்ந்த மண்ணில் பெயின்ட் அடித்தும் வைக்கலாம், ஆனால் ஒரு மழைக்காலம் தாங்காது.

நிறம்

நிறத்துக்கு எலும்பில் சாட்சி இல்லை, அதனால் இடத்தைக் கேட்க வேண்டும். மணல் தரையில் கூட்டுக்குக் கூடு ஊர்ந்து போகிற பாம்பு பச்சையாக இருந்து என்ன பிரயோசனம்? நம் பக்கத்து மண்ணுளிப் பாம்பின் செம்பழுப்பை எடுத்துக்கொண்டேன், முதுகில் கொஞ்சம் அடர்த்தி, வயிற்றில் வெளிறல்.

வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு அடிக்கு. காய்ந்ததும் பழுப்பு. பிறகு கறுப்போடு காப்பிப்பொடி நிறம் கலந்து, தண்ணீராகக் கரைத்து, முழுதும் பூசி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்று, டீ வடிகட்டி போட்ட செதில் அப்போதுதான் எழுந்து வரும். கடையில் டோனர் பொடி கிலோக்கணக்கில் இருக்கிறதே, அதைத் தேய்த்தால் என்ன என்று ஒரு நாள் ராத்திரி யோசித்தேன். வேண்டாம், மூக்கில் ஏறும் பொடி. வார்னிஷ் அடிப்பதானால் மேட் என்று கேட்டு வாங்குங்கள். கொலு பொம்மைக்கு அடிக்கிற பளபளா வார்னிஷ் அடித்தால் பாம்பு எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி இருக்கும். பாம்பின் கண்ணுக்கு மட்டும் ஒரு பொட்டு பளபளப்பு.

இப்போது உடைந்த ஓடு. காடை முட்டை வாங்கி அவித்துச் சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கழுவிக் காய வையுங்கள். அதன் கனம் நம் அளவுக்கு அச்சாகப் பொருந்துகிறது. நொறுக்கி, குழித்து வைத்த முட்டையின் விளிம்பைச் சுற்றி ஃபெவிகாலில் ஒட்டுங்கள். புள்ளிகள் தெரியாமல் முட்டையின் நிறத்தையே மேலே அடித்துவிடலாம்.

அடித்தளத்துக்கு மரப்பலகை, அதில் ஃபெவிகால், அதன் மேல் சலித்த மணல். முட்டைகளைப் பாதி புதைந்த மாதிரி வையுங்கள், இந்த டைனோசர்கள் முட்டையை மணலில் இட்டு மூடியவை. புல் வைக்கலாமா என்று ஒரு சந்தேகம் வரும். டைனோசர் காலத்தில் புல்லே இல்லை என்று என் பழைய புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் மகாராஷ்டிராவில் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிப் போன சாணத்துக்குள் புல்லின் நுண்துகள்கள் இருந்ததை 2005-ல் வெளியிட்டார்கள். இதே காலத்து இந்தியா. ஆகவே ஓரத்தில் இரண்டு கொத்து வைக்கலாம். மைதானம் போட வேண்டாம்.

கடைசியில் ஒரு சீட்டு. பெயர், எங்கே கிடைத்தது, எத்தனை ஆண்டு, அளவு பத்தில் ஒன்று, நிறம் என் யூகம். அந்தக் கடைசி இரண்டு சொல்லை விடாதீர்கள்.

கொலுவில்

எங்கள் வீட்டில் கீழ்ப்படியில் செடி கொடி, அதற்கு மேல் நத்தை சங்கு, பிறகு எறும்பு, நண்டு என்று அறிவு வரிசையில் ஏறும். ஐந்தறிவுப் படியில் பசுவும் யானையும். சனாஜே அங்கேதான் என்றேன் நான். செத்துப்போன பிராணிக்குக் கொலுவில் இடமில்லை என்றார் அத்தை. தசாவதாரத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மகள் கேட்டதும், அத்தை பதில் சொல்லாமல் பசுவை நகர்த்தி இடம் விட்டார். அந்த ஒன்பது நாளும் சுண்டலுக்கு வந்த குழந்தைகள் பார்வதியைப் பார்த்ததைவிடப் பாம்பைப் பார்த்ததுதான் அதிகம். எல்லோரும் கேட்டது ஒன்றே: “குட்டி தப்பிச்சிருச்சா?”

எடுத்து வைக்கும்போது பாம்பையும் குட்டியையும் தனித்தனிப் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். ஷூ பெட்டி போதும், இடைவெளியில் என் கடையில் மிஞ்சுகிற மாதிரி கசங்கிய தாள் அடையுங்கள். பெட்டியின் மேல் “இந்தப் பக்கம் மேலே” என்று ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதுங்கள். நான் எழுதவில்லை. வாலில் நான்கு செ.மீ. எம்-சீல் இருப்பது அதனால்தான்.